மலைப்பள்ளியில் ஆசிரியர் தங்க வேண்டுமென்றால்

ஜவ்வாது மலை, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி, பர்கூர் என்று எந்த மலையை எடுத்துக்கொண்டாலும், ஆசிரியர் இல்லை என்ற பேச்சு எழுந்தவுடன் இரண்டு யோசனைகள் முன்னால் வரும். மலையில் வேலை பார்க்கிறவருக்குச் சம்பளத்தோடு தரும் மலைப்படியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. வேலைக்குச் சேர்கிறவர் இத்தனை ஆண்டு மலையில் இருந்தே ஆக வேண்டும் என்று விதி போட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் இறங்கிப் போகிறவர்கள் எதனால் போகிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தால் பணத்துக்கு முன்பாக வேறு மூன்று வந்து நிற்கும். ராத்திரி தங்க வீடு, பள்ளியில் கூட ஒரு ஆள், திரும்பிப் போக ஒரு தேதி. இவை மூன்றும் அமையாத இடத்தில் படியைக் கூட்டினாலும் ஆள் நிற்க மாட்டார். அமைந்த இடத்தில் கட்டாயம் தேவைப்படாது.

இங்கே பேசுவது பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளையும், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறை நடத்தும் உண்டு உறைவிடப் பள்ளிகளையும் பற்றி. மலையில் இருக்கும் தொடக்கப் பள்ளிகளில் பல ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

முதலில் வீடு.

மலைக்கிராமத்தில் வாடகை வீடு என்பது அநேகமாக இருக்காது. இருக்கும் வீட்டில் கழிவறை இருக்காது. அதனால் ஆசிரியர் அடிவாரத்திலோ நகரத்திலோ தங்கி, தினமும் ஏறி இறங்குகிறார். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு ஏறுவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தை விட்டால் அன்றைய நாள் போயிற்று. முதல் பஸ் எத்தனை மணிக்கு வருகிறதோ அதுதான் பள்ளி தொடங்கும் நேரம், கடைசி பஸ் எத்தனை மணிக்கோ அதுதான் முடியும் நேரம் என்று ஆகிவிடும். ஊர்க்காரர்கள் இதை ஆசிரியரின் பொறுப்பின்மை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியருக்கோ காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும் வாழ்க்கை. இரண்டு பக்கமும் கசப்பு ஏறிக்கொண்டே போய், இரண்டாம் ஆண்டு மாறுதல் கலந்தாய்வில் அவர் வேறு ஊர் கேட்டுப் போய்விடுவார். பஸ் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளினாலே சில பள்ளிகளின் நிலை மாறும். அதற்குக் கிராம சபையில் தீர்மானம் போட்டு, நகலோடு போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரிடம் மனு கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது நேரம் மாறியிருக்க வேண்டும் என்றால் மே 1 கூட்டத்தையே பயன்படுத்த வேண்டும்.

வீட்டுக்கு மூன்று வழிகள் உண்டு. பள்ளி வளாகத்திலேயே பழைய கட்டடத்தைச் சரிசெய்து தருவது முதல் வழி. ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டை வாடகைக்கு எடுப்பது இரண்டாவது. இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டுக்காரர்கள் காப்பி, மிளகு அறுவடைக்குக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போனவர்களாக இருப்பார்கள். வேலை முடிந்து திரும்பி வரும்போது வீடு அவர்களுக்கு வேண்டும். ஆசிரியர் கல்வியாண்டின் நடுவில் பெட்டியைத் தூக்க வேண்டியிருக்கும். மூன்றாவது வழி, மலையின் மையமான ஊரில், அதாவது செம்மேடு, ஜமுனாமரத்தூர், வெள்ளிமலை போன்ற இடத்தில், நான்கைந்து பள்ளி ஆசிரியர்கள் சேர்ந்து தங்கும் வீடு. அங்கிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வண்டியில் போய்வரலாம். என் கணிப்பில் இதுதான் நிலைக்கும் ஏற்பாடு, குறிப்பாகத் தனியாக வரும் பெண் ஆசிரியர்களுக்கு. கடை, ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் எல்லாம் அருகில் இருக்கும். அதைவிட முக்கியம், சாயங்காலம் பேச ஆள் இருக்கும். மலைக்கிராமத்தில் தனி அறையில் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் புது ஆசிரியர் ஒரு மழைக்காலத்தைத் தாண்டுவது கடினம்.

வீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் துல்லியமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பிழை நடப்பது இந்தச் சின்ன விஷயங்களில்தான். கதவுக்கு உள்பக்கம் மேலும் கீழும் தாழ்ப்பாள். ஜன்னலுக்குக் கம்பிவலை. கழிவறை வீட்டுக்குள்ளேயே, அல்லது சுவரை ஒட்டி, வழியில் விளக்கோடு. மலையில் பல இடங்களில் இரண்டடிக்குக் கீழே பாறை. அங்கே சமவெளியில் போடுவதுபோல் உறிஞ்சுகுழி போட்டால் தண்ணீரை மண் உறிஞ்சாது. ஐப்பசி மழையில் குழி நிரம்பி மேலே வந்துவிடும். குழி தோண்டியவுடன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்த பிறகு கட்ட வேண்டும். இறங்காவிட்டால் அடைத்த தொட்டி கட்டி, கழிவுநீரைச் சரிவில் கல்நிரப்பிய வாய்க்காலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

தண்ணீர் ஊற்றிலிருந்து கறுப்புக் குழாயில் வரும் இடங்களில் முதல் மழைக்கே இலையும் சேறும் அடைத்துக்கொள்ளும். குழாய் வாயில் வலை கட்டி, வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். இரண்டு பேருக்கு 500 லிட்டர் தொட்டி வைத்தால் சிக்கனமாக மூன்று நாள் ஓடும். அடைப்பை எடுக்க அது போதுமான அவகாசம்.

மழைக்காலத்தில் மலையில் மின்சாரம் போனால் வர நேரமாகும். இன்வெர்ட்டருக்கு 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) ட்யூபுலர் பேட்டரி ஒன்று போதும். இரண்டு 20 வாட் எல்.இ.டி. குழல்விளக்கு, மின்சாரம் குறைவாக இழுக்கும் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறி ஒன்று, மோடம், செல்போன் சார்ஜ் எல்லாம் சேர்த்தால் 100 வாட் சுற்றி வரும். 12 வோல்ட் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருந்தாலும் பாதிக்குமேல் எடுத்தால் பேட்டரி சீக்கிரம் கெடும், இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். ஆக எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை டிஸ்டில்டு வாட்டர் அளவு பார்க்க வேண்டும். கோடை விடுமுறையில் யாரும் பார்க்காமல் விட்டு, ஜூனில் வந்து செத்துப்போன பேட்டரியைக் கண்டுபிடிப்பது பொதுவாக நடக்கிறது. எர்த் சரியில்லாத வீட்டில் இடி மின்னலுக்கு இன்வெர்ட்டரும் மோடமும் முதலில் போகும். பூட்டிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் எலியும் கரையானும் நுழையும். வாரம் ஒருமுறை திறந்து பார்க்க ஊரில் ஒருவரை அமர்த்தி, சிறு தொகை கொடுப்பது நல்லது. புதுவீடு கட்டித் தருகிறவர்கள் இந்தத் தொகையை மறந்துவிடுகிறார்கள், மூன்றாம் ஆண்டில் வீடு வீடாக இருப்பதில்லை.

செல்போன் சிக்னலுக்கு, வீட்டைத் தேர்வு செய்யும் முன்பே மூன்று நிறுவனங்களின் சிம்மையும் போட்டு வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் பார்க்க வேண்டும். வருகைப்பதிவு முதல் மதிப்பீடு வரை செயலியில் போக வேண்டியிருப்பதால், சிக்னல் தேடிப் பாறைமேல் ஏறுவது மலை ஆசிரியரின் வேலைநாளில் ஒரு பகுதியாகிவிட்டது. வெளியே ஆன்டெனா வைத்த 4ஜி மோடம் பல இடங்களில் இதைத் தீர்க்கும்.

வண்டியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் நீண்ட இறக்கம் முழுவதும் பிரேக் பிடித்தபடி வந்தால் ட்ரம் சூடேறிப் பிடி குறைந்துவிடும். கியர் வண்டியில் ஏறிய கியரிலேயே இறங்கினால் இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். ஸ்கூட்டர்தான் ஓட்ட வரும் என்றால் நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும். பிரேக் ஷூவை சமவெளியில் மாற்றும் கணக்கில் விடக்கூடாது.

தனியார் நிறுவனங்களும் வெளிநாட்டுத் தமிழ் நண்பர்களும் மலைப்பள்ளிக்கு உதவ வரும்போது கேட்பது ஸ்மார்ட் போர்டு வேண்டுமா, சுவரில் வண்ணம் தீட்டட்டுமா என்று. மனப்பூர்வமாகக் கேட்கிறார்கள். ஆனால் அந்தப் பணத்தில் ஆசிரியர் வீட்டுக்குத் தண்ணீரும் கழிவறையும் மூன்று ஆண்டு வாடகையும் கொடுத்தால் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

இரண்டாவது, கூட ஒரு ஆள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. ஏட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள். நடைமுறையில் எத்தனை நாள் இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவருக்கு ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு, 3 நாள் வரையறுக்கப்பட்ட விடுப்பு. இருவருக்கும் 30 நாள். குறுவள மையக் கூட்டம் (பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்த தொகுப்பே குறுவள மையம்), பயிற்சி, வட்டார அலுவலகத்துக்கும் கருவூலத்துக்கும் அலைவது, வாக்காளர் பட்டியல் வேலை எல்லாம் சேர்த்து ஆளுக்குப் பத்து நாள் என்று குறைவாகவே வைத்தாலும் இன்னொரு 20. யாருக்கும் காய்ச்சல் வராத ஆண்டிலும் 50 நாள் அது ஓராசிரியர் பள்ளி. சட்டம் சொல்லும் 200 வேலைநாளில் கால் பங்கு.

இதோடு மகப்பேறு விடுப்பு. 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 12 மாதம். அது தேவையான, நல்ல உரிமை. ஆனால் இரண்டு பேர் உள்ள பள்ளியில் ஒருவர் போனால் மீதமிருப்பவர் ஓராண்டு முழுக்க ஐந்து வகுப்பையும் தனியாகச் சுமக்கிறார். பணியிடம் காலியில்லை என்பதால் காலிப்பணியிடப் பட்டியலில் இந்தப் பள்ளி எங்கும் வராது. அடுத்த கலந்தாய்வில் போவது விடுப்பில் போனவர் அல்ல, சுமந்தவர். மலைப்பள்ளிகள் காலியாவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான். மாறுதல் கேட்டவரின் மேல் கோபப்படுவதற்கு முன்னால், அவருடைய பள்ளியில் கடந்த ஆண்டு விடுப்புக் கணக்கு எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும்.

இதற்குத் தீர்வு, ஒரு பள்ளிக்கென்று அல்லாமல் குறுவள மையத்துக்கென்று மாற்று ஆசிரியர்கள். ஒரு மலையில் எட்டு ஈராசிரியர் பள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கு 50 நாள் என்றால் மொத்தம் 400 நாள். ஒரு மாற்று ஆசிரியர் 200 நாள் பார்ப்பார். ஆக எட்டுப் பள்ளிக்கு இரண்டு பேர், மகப்பேறு விடுப்புக்குத் தனி ஆள். எட்டு பள்ளிகளில் எட்டு கூடுதல் பணியிடம் கேட்டால் நிதித்துறை ஒத்துக்கொள்ளாது. இரண்டு கேட்பதை யாராலும் எளிதில் மறுக்க முடியாது. நிரந்தரப் பணியிடம் வரும்வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியரை அமர்த்தும் முறையை இதற்குப் பயன்படுத்தலாம். 2022-இல் இந்த முறை வந்தபோது தொடக்க வகுப்பு எடுக்கும் இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று அறிவித்து, பிறகு 12,000 ஆக்கினார்கள். மலையிலேயே பிறந்து ஆசிரியர் டிப்ளமோ முடித்து வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இது பொருந்தும். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போய்விடும்.

அதுவரை பள்ளி தானாகவே செய்யக்கூடியவை சில உண்டு. ஜூன் மாதத்திலேயே இருவரும் உட்கார்ந்து, தெரிந்த விடுப்பு நாட்களைக் காலண்டரில் குறித்துவிட வேண்டும், கோவில் திருவிழா, தங்கை கல்யாணம் உட்பட. ஒரே பள்ளியின் இருவரையும் ஒரே நாள் பயிற்சிக்கு அழைக்கக்கூடாது என்று வட்டார வள மையம் இரண்டு சுற்றாகப் பயிற்சி வைக்க வேண்டும். குறுவள மையக் கூட்டத்தை அடிவாரத்தில் வைக்காமல் மலைமேலேயே, முடிந்தால் சந்தை கூடும் நாளோடு சேர்த்து வைத்தால் ஆசிரியருக்கு அலைச்சல் பாதியாகும். வாரத்துக் காய்கறியும் கையோடு வரும்.

தனியாள் நாளுக்கென்று ஒரு தகரப் பெட்டி தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் பத்து நாளைக்கான பயிற்சித்தாள், படிநிலைக் கதைப்புத்தகங்கள், எண் அட்டைகள். அன்று புதுப்பாடம் எடுக்கக்கூடாது, பயிற்சி மட்டும். காலை முதல் நாற்பது நிமிடம் ஐந்து வகுப்பும் ஒன்றாக உட்கார்ந்து பாட்டு, கதை, வாய்க்கணக்கு. பிறகு ஒன்று முதல் மூன்று வரை ஒரு குழு, நான்கும் ஐந்தும் இன்னொரு குழு. அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் 2022-இலிருந்து முதல் மூன்று வகுப்புகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்காருவதால் இந்தப் பிரிவு பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆசிரியர் ஒரு குழுவோடு இருபது நிமிடம், அடுத்த குழுவோடு இருபது நிமிடம் என்று மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் இரண்டு இடத்தில் தவறுகிறது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை நாள்முழுக்கச் சின்னப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள விட்டுவிடுவது ஒன்று. அவர்களுக்குப் பாடம் போகும், பெற்றோருக்கும் பிடிக்காது. ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்குமேல் விடக்கூடாது. பெட்டியை மறுபடி நிரப்பாமல் விடுவது மற்றொன்று. விடுப்பு முடிந்து வருகிறவர் அன்று மாலையே நிரப்ப வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டால் சரியாகும்.

உண்டு உறைவிடப் பள்ளிகளில் சுமை வேறு மாதிரி. பாடம் எடுக்கும் ஆசிரியரே விடுதிக் காப்பாளர் பொறுப்பையும் பார்க்கும் இடங்களில், அரிசி, காய்கறி, சமையலர் வராத நாள், இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளை எல்லாம் அவர் தலையில். பகலில் வகுப்பும் இரவில் விடுதியுமாக ஒரே ஆள் இருந்தால் இரண்டுமே நடக்காது. காப்பாளர் பணியைத் தனிப் பணியிடமாக ஆக்குவது இந்தப் பள்ளிகளில் ஆசிரியரைத் தக்கவைக்கும் முதல் வேலை என்று உறுதியாகச் சொல்வேன்.

புதிதாகச் சேர்பவரின் முதல் மூன்று மாதங்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும். சமவெளியில் சம்பளமும் தாள்வேலையும் தாமதமானால் தாங்கிக்கொள்ள வீடும் உறவும் இருக்கும், மலையில் இருக்காது. சம்பளத்தைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அரசு ஊழியருக்குச் சம்பளப் பட்டியல் போடும் களஞ்சியம் மென்பொருளில் பணியாளர் எண், ஓய்வூதியக் கணக்கு எண், வங்கிக் கணக்கு, பான் எண் எல்லாம் ஏறினால்தான் பட்டியல் சார்நிலைக் கருவூலத்துக்குப் போகும். ஒன்று குறைந்தாலும் திரும்பி வரும். அடிவாரத்து அலுவலகத்துக்கு ஒவ்வொரு தாளுக்காகவும் ஒருநாள் விடுப்பு எடுத்து இறங்கி ஏறினால் முதல் சம்பளம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். பணியேற்ற அன்றே நியமன ஆணை, பணியேற்பு அறிக்கை, மருத்துவத் தகுதிச் சான்று, கல்விச் சான்றுகளின் நகல், அந்தச் சான்றுகளின் உண்மைத்தன்மை கோரும் கடிதம், வங்கிப் புத்தக நகல், ஆதார், பான் ஆகியவற்றை மூன்று செட் எடுத்து ஒரே கோப்பில் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியரோ மூத்த ஆசிரியரோ அவரோடு அலுவலகத்துக்குப் போய்வந்தால் ஒரே நடையில் முடியும்.

இடைநிலை ஆசிரியர்களின் அடிப்படை ஊதியம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. 2009 ஜூன் 1-க்கு முன் சேர்ந்தவர்களுக்கும் பின் சேர்ந்தவர்களுக்கும் இடையிலான ஊதிய வேறுபாட்டை எதிர்த்து அவர்கள் ஆண்டாண்டாகப் போராடுகிறார்கள். தொடக்கப் பள்ளிகளைத் தாங்குவது இவர்கள்தான் என்பதால் இந்தக் குறை மலையில் இரட்டிப்பாக உறுத்தும்.

அலுவலர்களின் முதல் வருகை ஆய்வாக இருக்கக்கூடாது. வட்டார வள மையத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் ஆசிரியர் பயிற்றுநர் முதல் மாதத்தில் இரண்டு முறை வந்து, குறிப்பேடு கேட்காமல், ஒரு குழுவை வாங்கிக்கொண்டு தானே பாடம் நடத்திக் காட்ட வேண்டும். பலவகுப்புக் கற்பித்தல் என்பது பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்தால் வராது, பக்கத்தில் ஒருவர் செய்வதைப் பார்த்தால்தான் வரும். பிள்ளைகளின் பேச்சும் புதிதாக இருக்கும். தாளவாடியிலும் பர்கூரிலும் வீட்டு மொழி கன்னடமாக இருக்கும், கூடலூர்ப் பக்கம் பணியர் மொழி. கொல்லி, கல்வராயன் போன்ற கிழக்கு மலைகளின் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல) தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் வழக்குச் சொற்கள் வேறு. முன்பிருந்த ஆசிரியர் நூறு சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனால் வருகிறவருக்கு ஒரு பருவம் மிச்சம். அந்த நோட்டிலேயே எந்தக் குடும்பம் எந்த மாதம் வெளியூர் வேலைக்குப் போகும், எப்போது திரும்பும் என்றும் எழுதி வைக்கலாம். தெரியாதவருக்குத் தன்னால்தான் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள் என்ற சோர்வு வரும். தெரிந்தவர் பெற்றோர் வெளியூரில் இருக்கும் மாதங்களில் பிள்ளைகள் தங்கப் பருவகால விடுதி கேட்டு முன்கூட்டியே எழுதுவார். ஆகஸ்ட் 1 அன்று உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கைப்படிதான் பணியிடம் கணக்கிடப்படுகிறது. 62 பிள்ளைகள் இருந்த பள்ளியில் மூன்று பேர் பெற்றோரோடு போய்ப் பெயர் நீங்கினால் மூன்றாவது ஆசிரியர் பணியிடமும் உபரியாகிவிடும்.

மூன்றாவது, போகும் தேதி.

மலைக்கு மாறுதல் என்றவுடன் ஆசிரியர்கள் பயப்படுவது, ஏறினால் இறங்க முடியாது என்ற எண்ணத்தால். மாறுதல் ஆணை கையில் இருந்தாலும் பதிலுக்கு ஆள் வந்த பிறகுதான் விடுவிப்போம் என்று நிறுத்தி வைப்பது உண்டு. பள்ளியை மூட முடியாது என்பதால் அதைச் செய்கிறார்கள். ஆனால் பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. கிடைத்த முதல் வாய்ப்பில் தப்பிவிட வேண்டும் என்பதுதான் அது. மூன்றாண்டு முடிந்த மே மாதம் நிச்சயம் விடுவிக்கப்படுவீர், சமவெளிக் கலந்தாய்வில் முன்னுரிமை உண்டு என்று பணியேற்கும் அன்றே எழுத்தில் கொடுத்தால், அந்த மூன்றாண்டை மனம் ஒப்பி இருப்பார்கள். சிலர் மூன்றாண்டு முடிந்தும் இருப்பார்கள். மலையில் இருப்பவரும் சமவெளியில் இருப்பவரும் மாறிக்கொள்ளச் சில மாவட்டங்களில் நடக்கும் மலைச் சுழற்சிக் கலந்தாய்வு இந்தத் திசையில் போகிறது. அது எல்லா மலை ஒன்றியங்களுக்கும், ஆண்டுதோறும், தேதி தவறாமல் நடக்க வேண்டும். தவறிய ஒரு ஆண்டில் நம்பிக்கை போய்விடும்.

இதைக் கெடுப்பது மாற்றுப்பணி. பெயரும் சம்பளமும் மலைப்பள்ளியில், ஆள் சமவெளிப் பள்ளியிலோ அலுவலகத்திலோ. ஏட்டில் பணியிடம் நிரம்பியிருப்பதால் கலந்தாய்வில் அந்த இடம் காட்டப்படாது, புது ஆளும் வரமாட்டார். மீதமிருக்கும் ஒருவர் தனியாக இருப்பார். இதைத் தெரிந்துகொள்ளப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் தன் பெயரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லையாக ஒட்டலாம். மூன்றே கேள்வி போதும்: எங்கள் பள்ளிக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, இன்றைய தேதியில் பணியில் இருப்பவர் எத்தனை பேர், மாற்றுப்பணியில் எத்தனை பேர், எந்தத் தேதியிலிருந்து எந்த ஆணைப்படி. ஆசிரியரின் பெயரைக் கேட்க வேண்டாம். தனிமனிதர்மேல் புகார் என்று ஆகிவிட்டால் ஊருக்கும் பள்ளிக்கும் பகை வரும். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவைச் சுட்டி மாவட்ட ஆட்சியருக்கு எழுத வேண்டும். பள்ளியின் காலிப்பணியிடம் மொத்தப் பணியிடத்தில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. இரண்டு பேர் உள்ள பள்ளியில் ஒரு இடம் காலியானாலே 50 விழுக்காடு. ஈராசிரியர் பள்ளியில் ஒரு நாள்கூடக் காலி இருக்கக் கூடாது என்பதுதான் சட்டத்தின் பொருள். கலந்தாய்வு அட்டவணை வெளியாகும் முன்பே இந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

இத்தனையும் செய்தாலும், மலையிலேயே பிறந்தவர் ஆசிரியராக வருவதற்கு ஈடில்லை. அவருக்கு வீடு தேட வேண்டாம், சொல் பட்டியல் வேண்டாம், போகும் தேதியும் வேண்டாம். பழங்குடிப் பிள்ளைகளுக்கான மத்திய அரசின் ஏகலைவா மாதிரி உறைவிடப் பள்ளிகளுக்கு 2023-இல் மத்தியத் தேர்வு நடந்தபோது இந்தித் திறனும் தேர்வில் இருந்தது. பிள்ளைகளின் மொழி தெரியாதவரைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து போட்டால் அவரும் மாறுதல் கேட்பார், பிள்ளைகளும் இழப்பார்கள்.

உள்ளூர்க்காரர் வருவதற்கான பாதை நீளமானது, நடுவில் பல இடத்தில் அறுந்திருக்கிறது. பிளஸ் டூ, பிறகு இரண்டாண்டு தொடக்கக் கல்விப் பட்டயம், பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு, பிறகு நியமனத் தேர்வு. தகுதித் தேர்வு தமிழ்நாட்டில் 2012, 2013, 2017, 2019, 2022, 2025 என்று இடைவெளி விட்டு விட்டு நடந்திருக்கிறது. 2013-இல் தவறவிட்ட மலைப்பெண் அடுத்த தேர்வுக்கு நான்காண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கல்யாணம், குழந்தை. படித்ததெல்லாம் மறந்துபோகும். தேர்வை ஆண்டுதோறும் நடத்துவது சமவெளி மாணவருக்கு வசதி, மலை மாணவிக்கு அதுதான் வாழ்வு. தேர்வு மையம் மலையில் இல்லாததால் முந்தின நாளே இறங்கித் தங்க வேண்டும். அந்த ஒரு இரவுத் தங்கலுக்கும் பஸ்ஸுக்கும் பழங்குடியினர் நலத் துறை ஏற்பாடு செய்தால் தேர்வெழுதுவோர் எண்ணிக்கை நிச்சயம் கூடும்.

பள்ளி அளவில் செய்ய வேண்டியது இது. மலையில் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதியவர்களின் பட்டியலை, மே மாதம் தேர்வு முடிவு வரும் வாரத்திலேயே எடுத்துவிட வேண்டும். சாதிச் சான்று இல்லாதவர்களுக்கு உடனே விண்ணப்பிக்க வைக்க வேண்டும், பழங்குடிச் சான்றுக்குக் கோட்டாட்சியர் விசாரணை முடிய நாளாகும். மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில் விண்ணப்பம் எப்போது என்று கேட்டு வைத்து, விடுதி இடத்தையும் சேர்த்தே உறுதி செய்ய வேண்டும். ஆசிரியராக விருப்பமா என்று பிள்ளையிடம் மட்டும் கேட்டால் போதாது, பெற்றோரிடமும் போய்ப் பேச வேண்டும். ஜூன் வரை விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைகள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போயிருப்பார்கள்.